டெக்னிக்கல் டெத் மெட்டல் அல்பம் ஒன்றைக் கேட்கும் முறை: ட்ரம்ஸில் தொடங்கிக் குரலில் முடிக்கும் முழுமையான வழிகாட்டி

டெக்னிக்கல் டெத் மெட்டல் என்பது உறுமும் குரலும் வேகமான, சிக்கலான வாசிப்பும் கொண்ட மெட்டல் இசைவகை. முதன்முதலாக அதைக் கேட்கிறவர் பெரும்பாலும் மூன்றாவது பாட்டுக்குள் நிறுத்திவிடுவார். "ஒரே இரைச்சல், எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருக்கு" என்பார். காது கெட்டதால் அல்ல. குரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்ததால் வந்த வினை. சினிமாப் பாட்டுக்கு அது சரியான வழி, அங்கே குரல்தான் வாசல். இங்கே குரல் கடைசி அறை. ட்ரம்ஸ், பேஸ் (கீழ்ச்சுரங்களை வாசிக்கும் கிற்றார்), கிற்றார், குரல் என்று கீழேயிருந்து மேலே ஏற வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குக் காதைத் தயார் செய்கிறது.

நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த மேளச்சமா கேட்டு வளர்ந்தவருக்குத் தேவையான கருவியில் பாதி கையிலேயே இருக்கிறது. அது தாளம் போடும் பழக்கம்.

1. எந்த அல்பம்?

முதல் அல்பம் 35 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. இந்த இசையில் ஒரு நிமிடத்துக்குள் நாலைந்து துண்டுகள் வந்து போகும். ஒரு மணி நேர அல்பத்தை எடுத்தால் பாதியிலேயே காது களைத்துவிடும். பிறகு கேட்பது எதுவும் மனதில் நிற்காது.

இந்த வழிகாட்டிக்கு அமெரிக்காவின் 'டெத்' என்ற குழு 1991இல் வெளியிட்ட 'ஹியூமன்' அல்பத்தை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பாட்டுகள், ஏறக்குறைய 34 நிமிடம். ஏழாவது பாட்டில் குரலே இல்லை. பழகுகிற காதுக்கு அது பெரிய உதவி. கிற்றார் திரும்பத் திரும்ப வாசிக்கும் துண்டுகளான சுற்றுகளும் புதிய குழுக்களினுடையவை போல மூச்சுமுட்ட வைப்பதில்லை, துண்டுக்குத் துண்டு எல்லை தெரியும்.

ஒரு விடயம் கவனியுங்கள். இந்த அல்பத்துக்கு இரண்டு கலவைகள் (கருவிகளின் ஒலியளவுகளைச் சேர்த்த விதம்) உண்டு: 1991இன் மூலக் கலவை, 2011இல் புதிதாகக் கலந்து வெளியிட்டது. மூலத்தில் பேஸ் மிகவும் அமுங்கிக் கிடக்கிறது. 2011 கலவையில் அது மேலே வந்திருக்கிறது. பழகுவதற்கு 2011 கலவையே நல்லது. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே கேளுங்கள். இடையில் மாற்றினால் நேற்றுக் கேட்ட ஒலி இன்று இருக்காது. அடையாளம் வைத்ததெல்லாம் குழம்பிப்போகும்.

2. போனையும் இயர்போனையும் சரிபார்த்தல்

தேவையானவை: வயர் உள்ள இயர்போன் அல்லது ஹெட்போன், தரமான கோப்பு, ஒரு கொப்பி, பென்சில். அவ்வளவுதான்.

போன் ஸ்பீக்கரில் கேட்கவே வேண்டாம். இந்த அல்பத்தில் கிற்றார்கள் வழக்கத்தைவிட ஒரு முழுச்சுரம் இறக்கிச் சுருதி சேர்க்கப்பட்டவை. கிற்றாரின் அடித்தந்தி 73 ஹேர்ட்ஸில் ஒலிக்கும், பேஸின் அடித்தந்தி சுமார் 37 ஹேர்ட்ஸில். போன் ஸ்பீக்கர் இந்தப் பக்கமே எட்டிப்பார்க்காது. உங்களுக்குக் கேட்பது சிம்பலும் (ட்ரம்ஸில் உள்ள உலோகத் தட்டு) குரலும் கிற்றாரின் மேல்பகுதியும் மட்டும். 'இரைச்சல்' என்று சொல்லுகிறவர்களில் பலர் உண்மையில் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

மலிவான புளூடூத் இயர்போன் ஒலியை இன்னொரு தரம் சுருக்கி அனுப்பும். முதலில் அடிபடுவது சிம்பல். 'ட்ஸ்' என்று தெளிவாக விழ வேண்டியது தண்ணீர் சலசலப்பது போலாகும். ஐந்தாவது படியில் நாம் பிடிக்கப்போவதே சிம்பலைத்தான் என்பதால் வயர் முக்கியம்.

இயர்போனின் ரப்பர் காதில் இறுக்கமாக உட்கார வேண்டும். சோதிப்பது இலகு: பாட்டு ஓடும்போது இரண்டு பக்கத்தையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் ரப்பர் சிறிது. ஒரு அளவு பெரியதை மாட்டுங்கள்.

கடற்கரை ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக்காற்றில் இயர்போன் முனையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். பிடித்தால் ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கும் அல்லது முற்றாக நின்றுவிடும். சினிமாப் பாட்டில் இது தெரியாமலே போகலாம். இங்கே ஒரு கிற்றார் இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் பிரித்து வைக்கப்பட்டிருப்பதால், ஒரு பக்கம் போனால் ஒரு கிற்றாரே காணாமல் போய்விடும். முனையை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டுச் செருகுங்கள். போனில் 'மோனோ' ஒலி அமைப்பு தவறுதலாகப் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் இரண்டு கிற்றாரும் பிரியாமல் ஒன்றாகக் கலந்துவிடும்.

பிறகு செயலியின் அமைப்புகள். ஷஃபிளை நிறுத்துங்கள். ஒரு பாட்டை அடுத்த பாட்டோடு கரைக்கும் கிரொஸ்ஃபேடைப் பூச்சியத்தில் வையுங்கள். ஈக்குவலைசரை நிறுத்துங்கள், 'பேஸ் பூஸ்ட்' கட்டாயம் வேண்டாம். அது பேஸ் கிற்றாரைத் தெளிவாக்காது. காலால் அடிக்கும் கிக் ட்ரம்மை ஊதிப் பெருக்கி, பேஸை அதற்குள் புதைத்துவிடும்.

தரம் 320 கிலோபிட் போதும். 34 நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 மெகாபைட் போகும். வைஃபை இருக்கும் இடத்தில் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும் நடுவில் டேட்டா முடிந்தால் அந்தத் தடவை வீண்.

சத்தத்தின் அளவு: பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசினால் பேசுகிறார் என்றாவது விளங்க வேண்டும். சத்தமாக வைத்தால் நன்றாகக் கேட்கும் என்பது இந்த இசையில் பொய். எல்லா இடமும் நிரம்பிய ஒலி இது. கூட்டக்கூட சிம்பலும் கிற்றாரும் மற்றவற்றை மூடிவிடும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான் மிஞ்சும்.

3. இடமும் நேரமும்

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் உட்கார்ந்து கேட்கலாம் என்று ஆசை வரும். வேண்டாம். அலையின் இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் பரந்த ஒலி, சிம்பலையும் குரலின் ஓரங்களையும் தின்றுவிடும். கொழும்பு பஸ்ஸும் இரவு ரயிலும் நேர்மாறு. எஞ்சின் அதிர்வும் தண்டவாளச் சத்தமும் கீழ்ப்பக்கத்தை மூடிவிட, பேஸ் கேட்கவே கேட்காது. பயணத்தில் ஒன்பதாவது படியை மட்டும் செய்யலாம்.

வீட்டுக்குள் சீலிங் ஃபேனை இரண்டுக்குக் குறைத்து வையுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் யன்னல் கதவுகளைக் கொக்கி போட்டுவிட்டு உட்காருங்கள். விடியற்காலைப் பாங்குக்கும் பாடசாலை வான்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்குவதற்கும் இடையில் கிடைக்கும் ஒரு மணி நேரம் நல்லது. இல்லையென்றால் இரவு ஒன்பதுக்குப் பின். கோயில் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கி ஓயும்வரை காத்திருங்கள், போட்டிபோட்டுச் சத்தத்தைக் கூட்டாதீர்கள்.

பெரிய ஸ்பீக்கரில் போடலாமா என்றால், தொடக்கத்தில் வேண்டாம். நம் வீடுகளில் சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை. ஒலி பட்டுத் திரும்பும். நிமிடத்துக்கு 200 தாள அடி வேகத்தில், தாள அடிக்கு நான்காக ஓடும் கிக் ட்ரம் அடிகள் ஒரு செக்கனுக்குப் பதின்மூன்றுக்கு மேல் வரும். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 75 மில்லிசெக்கன். வெறும் அறையின் எதிரொலி அதைவிடப் பலமடங்கு நேரம் நீடிக்கும். ஒரு அடி ஓய முன்னரே அடுத்த ஆறேழு அடிகள் அதன் மேல் விழ, எல்லாம் கூழாகிவிடும்.

4. முதல் தடவை: தொடாமல் கேளுங்கள்

முதல் பாட்டிலிருந்து எட்டாவது வரை நிறுத்தாமல் ஓடட்டும். எண்ண வேண்டாம். வரிகளைப் பார்க்க வேண்டாம். போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: காது தானாக நிமிர்ந்த இடங்களைக் கொப்பியில் குறியுங்கள், பாட்டின் எண்ணும் நேரமும் மட்டும். மூன்று இடம் கிடைத்தால் போதும். பிடித்ததா என்று கேட்டுக்கொள்ள இன்னும் நேரம் வரவில்லை. இந்தத் தடவை எங்கே திரும்பி வர வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும்.

ஒரு நாளைக்கு ஒரு தடவை. அன்றே இரண்டாவது தரம் ஓடவிடாதீர்கள். களைத்த காது புதிதாக எதையும் பிடிக்காது.

5. இரண்டாம் தடவை: ட்ரம்ஸ், அதிலும் வலக்கை

புதியவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான். இரண்டு கால்களாலும் விடாமல் அடிக்கும் கிக் ட்ரம்மைத் தாளம் என்று நினைத்து எண்ணப் பார்ப்பார்கள். பத்துச் செக்கனில் தொலைந்துபோவார்கள்.

மேளக் குழுவை நினைத்துப் பாருங்கள். தவில்காரர் எவ்வளவு வேகமாக உருட்டினாலும் யாரும் தவிலைப் பார்த்துத் தாளம் பிடிப்பதில்லை. பக்கத்தில் கைத்தாளம் போடுகிறவர் அசையாமல் நிற்பார், காதும் கையும் அவரோடு போகும். இங்கே தவிலையும் தாளத்தையும் ஒரே ஆள் வாசிக்கிறார். கால்களும், கையால் அடிக்கும் டொம் ட்ரம்களும் தவில். வலக்கை, அதாவது ஜோடிச் சிம்பலான ஹை-ஹாட்டில் அல்லது ரைட் (ride) என்ற பெரிய சிம்பலில் விழும் அந்தச் சீரான அடி, கைத்தாளம்.

ஆகவே முதலில் வலக்கையைப் பிடியுங்கள். முதல் பாட்டான 'ஃப்ளாட்டனிங் ஒஃப் இமோஷன்ஸ்' ட்ரம்ஸ் மட்டும் தூரத்திலிருந்து மெல்ல மெல்ல வளர்ந்து வருவதோடு தொடங்குகிறது. கிற்றார் வந்து மூடுவதற்கு முந்திய அந்தச் சில செக்கன்களை ஐந்தாறு தரம் கேளுங்கள். எது காலால் அடிப்பது, எது கையால் அடிப்பது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கால் 'டுக்' என்று வயிற்றுப்பக்கம் இருக்கும். கையால் அடிக்கும் ஸ்நேர் ட்ரம் 'டக்' என்று நெற்றிப்பக்கம் இருக்கும். கிற்றார் வந்த பிறகும் இந்த இரண்டையும் விடாமல் வைத்திருக்க முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது.

பிளாஸ்ட் பீட் வரும் இடங்களில் இந்த முறை உடையும். அங்கே ஸ்நேரும் கிக்கும் மாறிமாறி இயந்திரம் போல விழும், சிம்பலும் அவற்றோடு சேர்ந்து ஓடும். தனியாகத் தாளம் போட யாரும் இல்லை. ஒவ்வொரு ஸ்நேர் அடிக்கும் தலையசைக்கப் போகாதீர்கள். நாலு அடிக்கு ஒரு தலையசைவு என்று வையுங்கள். கிற்றாரின் சுரம் மாறும் இடமும் உங்கள் தலையசைவும் பொருந்தி வந்தால் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள்.

6. சொற்கட்டால் எண்ணுதல்

இந்தப் படிக்கு அவசரம் வேண்டாம், இரண்டு நாள் ஒதுக்குங்கள். 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணினால் வேகத்துக்கு நாக்கு ஓடாது. 'ஒன்று' என்பதற்கும் 'இரண்டு' என்பதற்கும் சொல்லும் நேரமும் ஒன்றல்ல. மிருதங்க வகுப்பில் சொல்லும் சொற்கட்டு இதற்கென்றே செய்தது போல இருக்கிறது:

மூன்றுக்கு தகிட. நான்குக்கு தகதிமி. ஐந்துக்கு தகதகிட. ஏழுக்கு தகிட தகதிமி. ஒன்பதுக்கு தகதிமி தகதகிட.

இந்த இசையில் அடிக்கடி வரும் ஒரு கணக்கைக் கையால் செய்து பாருங்கள். நாலு தட்டு, தட்டுக்கு நாலு எழுத்து, மொத்தம் பதினாறு. அந்தப் பதினாறுக்குள் நாலு நாலாகச் சொல்லாமல் இப்படிச் சொல்லுங்கள்:

தகிட தகிட தகிட தகிட தகதிமி

கை ஒரே சீராகத் தட்டட்டும். முதல் தட்டு 'த'வில் விழும். இரண்டாவது 'கி'யில். மூன்றாவது 'ட'வில். நான்காவது தட்டு 'தகதிமி'யின் 'த'வில் வந்து சேரும். வாய் மூன்று மூன்றாகப் போகிறது, கை நாலு நாலாகப் போகிறது, கடைசியில் இரண்டும் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், சந்திக்கின்றன. முதல் தரம் கை நிச்சயம் வாயோடு இழுபட்டுப் போகும். மெதுவாகத் தொடங்கி, கை அசையாமல் நிற்கும்வரை சொல்லுங்கள்.

கிற்றார் வாயின் வேலையைச் செய்யும், சிம்பல் கையின் வேலையைச் செய்யும். கேட்கிறவருக்குப் பாட்டு தடுமாறி விழுவது போலவும், விழாமல் நிமிர்வது போலவும் இருப்பது இதனால்தான்.

இங்கே ஒரு பிழை சகஜம்: கணக்கு புரியாத இடத்தையெல்லாம் 'இது ஏழு', 'இது ஒன்பது' என்று சொல்லிவிடுவது. பிரித்தறியச் சிம்பலையும் ஸ்நேரையும் பாருங்கள். கிற்றார் மட்டும் குறுக்கே போய், சிம்பலும் ஸ்நேரும் நேராக நடந்தால் தாளம் நாலுதான். ஸ்நேரும் சேர்ந்து ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறினால்தான் தாளமே ஏழு அல்லது ஐந்து. முதலாவதில் கையை மாற்றக்கூடாது, இரண்டாவதில் மாற்றியே ஆக வேண்டும்.

வேகம் பிடிபடவில்லை என்றால் யூடியூபில் 0.75 வேகத்தில் போடுங்கள். சுருதி மாறாது, 200 அடி 150 ஆகும். ஒரே ஒரு துண்டுக்கு மட்டும் இப்படிச் செய்யுங்கள். முழுப்பாட்டையும் மெதுவாகக் கேட்டுப் பழகினால் உண்மையான வேகம் அந்நியமாகிவிடும்.

7. மூன்றாம் தடவை: பேஸ்

கிற்றாருக்கு முன் பேஸைத் தேட ஒரு காரணம் உண்டு. கிற்றார் தானாகக் கேட்கும், பேஸ் தேடினால்தான் கேட்கும். கிற்றாரில் மனம் ஒட்டிவிட்ட பின் கீழே இறங்குவது கடினம்.

ஏழாவது பாட்டான 'கொஸ்மிக் ஸீ'யில் தொடங்குங்கள். குரல் இல்லாததால் நடுப்பகுதியில் இடம் திறந்திருக்கிறது. அங்கே பேஸைப் பிடித்துவிட்டுப் பிறகு முதல் பாட்டுக்குத் திரும்புங்கள்.

அங்கும் சிக்கவில்லையென்றால், அதே குழு 1993இல் வெளியிட்ட அடுத்த அல்பமான 'இண்டிவிஜுவல் தோட் பேட்டர்ன்ஸ்' இல் ஒரு பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். அதில் ஃப்ரெட், அதாவது வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள், இல்லாத பேஸ் முன்னால் நிற்கிறது. மெட்டு இல்லாத தந்தியில் விரல் வழுக்கிப் போகும்போது சுரம் படியாக ஏறாமல் இழைந்து ஏறும். வீணைக்கும் வயலினுக்கும் உள்ள வித்தியாசம்தான். அந்த இழைவு ஒருமுறை காதில் பதிந்தால் 'ஹியூமன்' இல் ஆழத்தில் கிடப்பதையும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

8. நான்காம், ஐந்தாம் தடவை: கிற்றார்கள்

ஒரு நாள் இடக்காதில் மட்டும், மறுநாள் வலக்காதில் மட்டும் கேளுங்கள். பெரும்பாலான நேரம் இரண்டும் ஒரே சுற்றைத்தான் வாசிக்கும். பிரியும் இடங்களைக் குறியுங்கள். பாட்டின் திருப்பங்கள் பெரும்பாலும் அங்கேதான்.

பிறகு கொப்பியில் ஒரு பாட்டுக்கு வரைபடம் போடுங்கள். முதல் சுற்றுக்கு 'அ', புதியது வந்தால் 'ஆ', பிறகு 'இ'. பழையது திரும்பினால் பழைய எழுத்து. பல்லவியும் சரணமும் மாறிமாறி வரும் என்று எதிர்பார்த்துக் கேட்பவர், பல்லவி வரவில்லையே என்று காத்திருந்தே பாட்டைத் தவறவிடுவார். இங்கே 'அ அ ஆ இ இ ஈ அ உ' என்று போகலாம். 'அ' ஒரே ஒரு தரம் திரும்பி வந்ததைப் பிடிக்கும்போது கிடைக்கும் நிறைவு பெரிது. எழுதாமல் அது கிடைக்காது.

தொடங்க நல்ல பாட்டு ஐந்தாவது, 'லாக் ஒஃப் கொம்ப்ரிஹென்ஷன்'. தெளிந்த, கரகரப்பு இல்லாத கிற்றாரோடு ஆரம்பிப்பதால் முதல் எல்லைக்கோடு தானாகவே விழும்.

ஒலியின் இரண்டு வகையையும் பிரித்துக் கேளுங்கள். உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமத்தி அடித்தால் 'ஜக் ஜக்' என்று குறுகி விழும். திறந்து அடித்தால் நீண்டு நிற்கும். சுரம் பிடிபடாவிட்டாலும் அமத்தல், திறப்பு என்ற வரிசை பிடிபட்டால் சுற்றை அடையாளம் காணலாம்.

9. ஆறாம் தடவை: குரலும் வரிகளும்

இப்போதுதான் வரிகளைத் திறங்கள். முன்னரே திறந்தால் கண் முந்திக்கொள்ளும், காது பின்னால் உட்கார்ந்துவிடும்.

முதலில் கேட்காமல் வாசியுங்கள். 'லாக் ஒஃப் கொம்ப்ரிஹென்ஷன்' பிள்ளை கெட்டுப்போனதற்கு இசையைக் குற்றம் சொல்லும் பெற்றோரைப் பற்றியது. டெத் மெட்டல் என்றால் இரத்தமும் பிணமும்தான் என்று நினைத்து ஒதுங்கியவர்கள் இந்த அல்பத்தின் வரிகளை ஒருமுறை வாசித்தாலே போதும். பிறகு வரிகளைப் பார்த்தபடி கேளுங்கள், அதன்பின் மூடிவிட்டுக் கேளுங்கள்.

உறுமும் குரலில் சுரம் தேடாதீர்கள். அதைத் தாளக்கருவியாக எடுங்கள். எந்த எழுத்து ஸ்நேரோடு சேர்ந்து விழுகிறது, எது தள்ளி விழுகிறது என்று பாருங்கள். ஆறாவது படியைச் செய்தவருக்கு இது உடனே கேட்கும். கூடவே உறுமிப் பாடிப் பார்க்க ஆசை வந்தால் தொண்டையைக் கிழிக்காதீர்கள். வலி வந்தால் செய்யும் முறை பிழை.

10. ஏழாம் தடவை: மீண்டும் முழுதாக

கொப்பியை மூடிவிட்டு, முதல் நாள் போலவே தொடாமல் கேளுங்கள். முதல் நாள் குறித்த மூன்று இடங்களும் வரும்போது, காது ஏன் அங்கே நிமிர்ந்தது என்று இப்போது தெரியும். தெரியாத இடம் இருந்தால், எந்தக் கருவியால் வந்த குழப்பம் என்று பார்த்து அந்தப் படிக்கு மட்டும் திரும்புங்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யத் தேவையில்லை.

இதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். அந்தத் தீர்ப்பு இப்போது உங்களுடையது.

11. அடுத்து எதை எடுப்பது

ஏதீஸ்ட் குழுவின் 'அன்குவெஸ்டனபிள் பிரெசன்ஸ்', 1991. இதுவும் எட்டுப் பாட்டுகள், 35 நிமிடத்துக்குள். ஜாஸ் வாடை உள்ள பேஸ் முன்னால் நிற்பதால் ஏழாவது படி இலகுவாகும். ஆறாவது படி கடினமாகும்.

அதன்பின் ஜெர்மனியின் நெக்ரோஃபேஜிஸ்ட் குழுவின் 'எபிட்டாஃப்', 2004. எட்டுப் பாட்டுகள், ஏறக்குறைய 33 நிமிடம். ஒலிப்பதிவு கண்ணாடி போலத் தெளிவு, ஆனால் சுரங்கள் கொட்டும். எட்டாவது படிக்குக் கூடுதலாக ஒரு நாள் வேண்டும். ஆறாவது பாட்டின் முடிவில் புரோகோஃபியேவின் 'ரோமியோ ஜூலியட்' பாலே இசையிலிருந்து ஒரு மெட்டு வரும். அதைத் தனியாக ஒருமுறை கேட்டுவிட்டு வந்தால் சட்டென்று அடையாளம் தெரியும்.

கனடாவின் கோர்கட்ஸ் குழுவின் 'ஒப்ஸ்கூரா', 1998, கடைசிக்கு. பன்னிரண்டு பாட்டுகள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். சுரங்கள் வேண்டுமென்றே ஒன்றோடொன்று உரசுகின்றன, பழகிய இனிமை எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆறு ஆறு பாட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் தனி அல்பமாக நினைத்து மேலுள்ள ஏழு தடவைகளையும் செய்யுங்கள். முதல் பாதி முடிய ஒரு வாரம் இடைவெளி விட்டுத்தான் இரண்டாவது பாதியைத் தொட வேண்டும்.